அப்பாவுக்கு 112: ‘போடர்’ என்றால் என்ன, நாட்டில் எத்தனை பேர் அங்கே நிற்கிறார்கள்?

தங்கச்சி, உங்கள் கேள்வியை மற்றவர்களுக்கும் விளங்குவதற்காக ஒருமுறை எழுதிவிடுகிறேன். விசுவமடுப் பக்கம் வயல் செய்கிற உங்கள் அப்பாவுக்கு 48 வயது, மெலிந்த உடம்பு. வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்ததில் சீனி 112 என்று வந்திருக்கிறது. “போடரிலதான் நிக்குது, பயப்பிடாதேங்கோ” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இது வருத்தமா இல்லையா? இலங்கையில் நாலு பேரில் ஒருவருக்குச் சலரோகம், அதாவது நீரிழிவு, என்று சொல்வது உண்மையா? உண்மை என்றாலும் அது கொழும்புச் சனத்தின் கணக்குத்தானே, வெயிலில் நின்று வேலை செய்கிற எங்கள் ஆட்களுக்குப் பொருந்துமா?

நான் வன்னியில் சலரோகக் கிளினிக்குகளில் இருபது வருடத்துக்கு மேல் தாதியாக வேலை செய்தவள். உங்கள் கடைசிக் கேள்வியில் இருந்தே தொடங்குகிறேன். அந்த நம்பிக்கையால் கால் இழந்தவர்களையும் கண் மங்கியவர்களையும் நிறையப் பார்த்துவிட்டேன்.

இலங்கையில் சலரோகம் என்றால் பல வருடமாக எல்லோரும் சொல்லிவந்த இலக்கம் 10.3. 2005, 2006 ஆம் ஆண்டுகளில் 20 வயதுக்கு மேற்பட்ட நாலாயிரத்து ஐந்நூறு பேரளவில் பரிசோதித்து எடுத்த கணக்கு அது. நூறு பேரில் 10.3 பேருக்குச் சலரோகம், இன்னும் 11.5 பேர் அதற்கு முந்திய படியில், அதாவது நாங்கள் போடர் என்று சொல்கிற நிலையில். சலரோகம் இருந்தவர்களில் 36 வீதமானோருக்கு, அந்த ஆய்வுக்காரர் வந்து இரத்தம் எடுக்கும்வரை தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. நகரத்தில் 16.4, கிராமத்தில் 8.7. கவனமாகச் செய்த ஆய்வு, அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அது நடந்தது ஒன்பது மாகாணங்களில் ஏழில்தான். விடுபட்ட இரண்டும் வடக்கும் கிழக்கும். யுத்த காலம், அப்போது எவராலும் வந்து எண்ணியிருக்க முடியாது. ஆனாலும் அந்த 10.3 என்ற தேசியக் கணக்குக்குள் கிளிநொச்சியில் இருந்தோ முல்லைத்தீவில் இருந்தோ மன்னாரில் இருந்தோ வவுனியாவில் இருந்தோ ஒரு சொட்டு இரத்தம்கூடச் சேரவில்லை என்பதை நாங்கள் மறந்துவிட்டோம். எண்ணப்படாத இடத்தை, வருத்தம் இல்லாத இடம் என்று நினைத்துக்கொண்டோம்.

அடுத்த பெரிய கணக்கு 2018, 2019 இல் எடுக்கப்பட்டது. முழு நாட்டுக்கும் பொருந்துமாறு ஆறாயிரத்து அறுநூறு பேருக்கு மேல் சேர்த்து, 18 வயதில் இருந்து எண்ணினார்கள். முடிவு 2023 இல் வெளிவந்தது. சலரோகம் நூற்றுக்கு 23. அதற்கு முந்திய நிலை நூற்றுக்கு 30 அளவில். நீங்கள் கேள்விப்பட்ட ‘நாலு பேரில் ஒருவர்’ இங்கிருந்து வந்ததுதான். கிட்டத்தட்டச் சரி.

இந்த வீதங்களை நான் எப்போதும் பந்தியில் வைத்துத்தான் பார்ப்பேன். வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் போய் அன்னதானத்துக்கு வரிசையாக இருக்கிறோம். ஒரு வரிசையில் இருபது பெரியவர்கள். அதில் நாலு அல்லது ஐந்து பேருக்குச் சலரோகம். இன்னும் ஆறு பேர் போடரில். மிஞ்சுவது ஒன்பது அல்லது பத்துப் பேர். அந்த நாலைந்து பேரிலும் சிலருக்குத் தங்களுக்கு வருத்தம் இருப்பதே தெரியாது. போடரில் இருக்கிற ஆறு பேரில் ஒருவருக்குத் தெரிந்திருந்தாலே பெரிய விஷயம்.

அப்படியென்றால் பதின்மூன்று வருடத்தில் 10.3 என்பது 23 ஆகிவிட்டதா என்று கேட்டால், அப்படியே ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்கக் கூடாது. சேர்த்த வயதும் இடமும் வேறு, இடையில் நாடும் முதுமை அடைந்திருக்கிறது. எந்த இடத்தில் கோடு கீறுகிறோம் என்பதிலும் கணக்கு மாறும். வெறும் வயிற்றில் 126 மில்லிகிராமும் அதற்கு மேலும் என்றால் சலரோகம், இதில் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். போடர் எங்கே தொடங்குகிறது என்பதில்தான் இரண்டு கட்சி. அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 100 இல் தொடங்கும், உலக சுகாதார நிறுவனம் 110 இல் தொடங்கும். 104 உள்ள ஒருவர் ஒரு கணக்கில் வருவார், மற்றதில் வரமாட்டார். ஒரே நாட்டுக்குப் பேப்பரில் வேறு வேறு இலக்கம் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் அப்பாவின் 112 இரண்டு கோட்டையும் தாண்டிவிட்டது. அவரை எந்தக் கணக்கில் இருந்தும் வெளியே எடுக்க முடியாது. ஆனால் இத்தனை வித்தியாசத்தையும் கழித்துப் பார்த்தாலும் ஏற்றம் உண்மைதான். 1990களின் தொடக்கத்தில் இலங்கைக் கிராமம் ஒன்றில் எடுத்த கணக்கு நூற்றுக்கு 2.5 மட்டுமே.

இனி, வயல் வேலை செய்கிறவருக்கு வராது என்ற நம்பிக்கை. எங்களுக்கென்று தனியாக நம்பத்தகுந்த பழைய கணக்கு இல்லாத இடத்தில், எங்களைப் போன்ற உடம்பும் சாப்பாடும் உள்ள சனத்தின் கணக்கைப் பார்ப்பதுதான் வழி. இந்தியாவில் 2008 முதல் 2020 வரை ஒரு இலட்சத்துப் பதின்மூவாயிரம் பேரைப் பரிசோதித்து, 2023 இல் முடிவு வெளியிட்டார்கள். நாடு முழுக்கச் சலரோகம் 11.4, தமிழ்நாட்டில் 14.4. நகரத்தில் 16.4 ஆக இருந்தது கிராமத்தில் 8.9. இதுவரைக்கும் எங்கள் ஆட்கள் சொல்வது சரி போலத்தான் இருக்கும். ஆனால் போடர் நிலையைப் பாருங்கள்: நகரத்தில் 15.4, கிராமத்தில் 15.2. வித்தியாசமே இல்லை. கிராமத்துச் சனமும் அதே அளவில் வாசலுக்கு வந்துவிட்டது என்றுதான் நான் இதை வாசிக்கிறேன். உங்கள் அப்பாவும் அந்த வாசலில்தான் நிற்கிறார்.

அந்த வயல் வேலையையும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அருவி வெட்டு, அதாவது நெல் அறுவடை, என்றால் விடிய முதல் போய் மத்தியானம்வரை குனிந்த நாரி நிமிராது. பிறகு கட்டுக் கட்டி, தலையில் தூக்கி, சூடு வைத்து, சூடு மிதித்து, தூற்றி, மூட்டை கட்டுவது. ஒரு போகத்துக்கு மனிதரின் உடம்பு எவ்வளவு எரிந்திருக்கும்! இப்போது வெட்டுகிற மெசின் வயலுக்குள் இறங்கினால் ஒரு ஏக்கர் கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். உழுவதற்கு ட்ரக்டர், களைக்கு மருந்து. கமக்காரர் மோட்டார் சைக்கிளில் போய் வரம்பில் நின்று பார்த்துவிட்டு வருகிறார். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. நாரி ஒடிந்த காலம் போனதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் சாப்பாட்டுக் கோப்பை மட்டும் அருவி வெட்டிய காலத்து அளவிலேயே இருக்கிறது. ‘வயல் செய்கிறவர்’ என்ற பெயர் அப்படியே இருக்க, வேலை மாறிவிட்டது.

மெலிவு பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பகுதிச் சனத்துக்கு, அதாவது தெற்காசியருக்கு, மெலிந்த உடம்பிலும் சலரோகம் வரும். கை கால் குச்சியாக இருக்கும், வயிறு மட்டும் சின்னதாக முன்னுக்குத் தள்ளும், அந்த வயிற்றுக்குள் இருக்கிற கொழுப்புத்தான் வில்லங்கம். ஆணுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றர், இதற்கு மேல் வயிற்றுச் சுற்றளவு போனால் கவனிக்க வேண்டும். தராசை விட டெயிலரின் அளவுநாடா எங்களுக்குச் சரியாகச் சொல்லும்.

இன்னொன்று, எழுதும்போதே எனக்கு மனம் பாரமாகிறது. தாயின் வயிற்றில் இருக்கும்போது பட்டினி கிடந்த பிள்ளைக்குப் பெரியவராகும்போது சீனி ஏறும் சாத்தியம் கூட. 1944, 45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பஞ்சம் வந்தபோது கருவில் இருந்தவர்களைப் பின்னாளில் பரிசோதித்து இதைக் கண்டார்கள். நைஜீரியாவில் 1967 முதல் 1970 வரை நடந்த பியாபரா யுத்தப் பஞ்சத்தில் கருவிலும் கைக்குழந்தையாகவும் இருந்தவர்களை நாற்பது வயதளவில் பரிசோதித்தபோதும் இரத்த அழுத்தமும் சீனியும் கூடியிருந்தன. 2008 கடைசியிலும் 2009 இலும் வன்னியில் எத்தனை கர்ப்பிணித் தாய்மார் கஞ்சி ஒரு சிரட்டைக்கு வரிசையில் நின்றார்கள் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த வயிறுகளில் இருந்த பிள்ளைகள் இப்போதுதான் இளந்தாரிகளாகவும் குமர்ப்பிள்ளைகளாகவும் வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு நாற்பது வயது வரும்வரை காத்திருக்காமல் முப்பதுக்கு முதலே பார்க்கத் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஊட்டம் குறைந்து மெலிந்தவர்களுக்கு வருகிற சலரோகத்தை 2025 ஏப்ரலில் சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் ஐந்தாம் வகை என்று தனியாக ஏற்றுக்கொண்டது. மெலிந்தவருக்குச் சலரோகம் வராது என்ற பேச்சு இனி எங்கும் எடுபடாது.

இப்போது போடர். இந்தச் சொல்லை எங்கள் கிளினிக்குகளில் நாங்களே பரப்பிவிட்டோம், அதில் எனக்கும் பங்கு உண்டு. போடர் என்றால் சனத்துக்கு என்ன விளங்குகிறது? இந்தப் பக்கம் நிற்கிறேன், அந்தப் பக்கம் போகவில்லை, ஆகவே ஒன்றுமில்லை. உண்மையில் அது அசைகிற இடம். சென்னையில் 531 பேரை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள், முடிவு 2006 இல் வந்தது. எல்லோரும் குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் சோதனையில் போடரில் நின்றவர்கள், எங்களைப் போன்ற சனம். ஒரு பகுதியினருக்கு வழக்கமான சாதாரண ஆலோசனை மட்டும். மூன்று வருடத்துக்குள் அவர்களில் நூற்றுக்கு 55 பேர் சலரோகத்துக்குள் போய்விட்டார்கள். பாதிக்கு மேல். இன்னொரு பகுதியினருக்கு ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் நடை, சீனியும் தீட்டிய அரிசியும் எண்ணெயும் குறைத்தல், இவற்றை விடாமல் பின்தொடர்ந்து சொல்லிக்கொடுத்தார்கள். அங்கே 39 பேர். மெற்போமின் என்ற, சீனியைக் குறைக்கிற மாத்திரை கொடுத்தவர்களிலும் கிட்டத்தட்ட அதே அளவு, 40 சொச்சம். அமெரிக்காவில் 2002 இல் முடிவு வந்த பெரிய ஆய்வில் சாப்பாடும் நடையும் ஆபத்தை 58 வீதம் குறைத்தன, மாத்திரை 31 வீதம். அங்கே உடல் எடையைக் குறைத்தார்கள். சென்னையில் எடை பெரிதாகக் குறையவே இல்லை, அப்படியிருந்தும் பலன் கிடைத்தது. மெலிந்த உங்கள் அப்பாவுக்கு நான் சொல்ல விரும்புவது இந்தச் சென்னைக் கணக்கைத்தான். “என்னில குறைக்க என்ன கிடக்கு?” என்று அவர் கேட்டால், எடை குறைக்கத் தேவையில்லை, நடக்கவும் கோப்பையை மாற்றவும்தான் வேண்டும் என்று சொல்லுங்கள்.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஊர், பெயர் வேண்டாம். ஐம்பது தாண்டியவர், யுத்தத்தில் ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போனது, செயற்கைக் கால் போட்டுக்கொண்டு தோட்டம் செய்தவர். ஒருநாள் மற்றக் காலில் இரண்டாவது விரல் கறுத்த நிலையில் கிளினிக்குக்கு வந்தார். எப்போது காயம் பட்டது என்று கேட்டேன். தெரியாது என்றார். நோகவில்லையாம். செருப்புக்குள் ஒரு சின்னக் கல் இருந்திருக்கிறது, எத்தனை நாள் அதன்மேல் நடந்தாரோ. சீனி நரம்பைத் தின்றுவிட்டால் கால் நோவு சொல்லாது. அவருடைய இரத்தத்தில் அன்று சீனி முந்நூறுக்கு மேல். “முந்திப் பாத்ததே இல்லையோ?” என்று கேட்டேன். மடியில் இருந்த பொலித்தீன் பையைப் பிரித்தார். இடம்பெயர்ந்து பழகிய எங்கள் சனத்திடம் எல்லாம் அப்படி ஒரு பை இருக்கும். அடையாள அட்டை, காணிப் பேமிற், செயற்கைக் கால் கொடுத்த அட்டை, அவற்றோடு நாலாக மடித்த ஒரு துண்டு. நாலு வருடத்துக்கு முந்திய மருத்துவ முகாம் ஒன்றில் எழுதிக்கொடுத்தது. நீல மையில் 118. அதன் கீழே வேறு ஒரு சொல்லும் இல்லை. திரும்ப எப்போது வரவேண்டும் என்று எவரும் எழுதவில்லை, சொல்லவுமில்லை. அவர் அந்தத் துண்டைக் காணிப் பத்திரத்தோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருந்தார். நாலு வருடம்.

விரலோடு போனது, கால் தப்பியது. ஆனால் ஒரு கால் ஏற்கனவே இல்லாதவருக்கு மற்றக் கால் என்பது என்ன என்று யோசித்துப் பாருங்கள். கண்ணிவெடியிலும் ஷெல்லிலும் கால் இழந்தவர்கள் இவ்வளவு பேர் வாழ்கிற மண்ணில், போடர் என்று எழுதி ஒருவரை வீட்டுக்கு அனுப்புவது எனக்கு மன்னிக்க முடியாத காரியமாகப் படுகிறது. அப்படி ஒரு கால் உள்ள சொந்தக்காரர் உங்களுக்கு இருந்தால், சீனி இருக்கோ இல்லையோ, ஒவ்வொரு பொழுதுபடவும் உள்ளங்காலை ஒரு கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். போடுவதற்கு முதல் செருப்பைக் கவிழ்த்துத் தட்டவும் சொல்லுங்கள்.

பரிசோதனை பற்றிச் சிலது. அப்பாவின் 112 சரியான 112 தானா என்று முதலில் பார்க்க வேண்டும். கிளினிக் நாளில் ஆறு மணிக்கே வாங்கில் ஆட்கள் இருப்பார்கள், முதல் பஸ்ஸில் வந்தவர்கள். “ஒண்டும் சாப்பிடேல்லைத்தானே?” என்று கேட்டால், “இல்லைப் பிள்ளை, வெறும் தேத்தண்ணிதான் குடிச்சனான்” என்பார்கள். சீனி போட்டதா? “சீனியோ, சீச்சீ. ஒரு பனங்கட்டித் துண்டு கடிச்சனான்.” பனங்கட்டியில் இருப்பதில் பெரும்பகுதி சுக்குரோஸ், கடையில் வாங்குகிற சீனியில் உள்ள அதே சாமான்தான். பனை எங்கள் மரம் என்பதற்காக அது இரத்தத்தில் வேறுவிதமாக நடக்காது. எட்டு மணித்தியாலத்துக்குக் குறையாமல் தண்ணீர் தவிர எதுவும் வாயில் படக்கூடாது. அன்று அப்பா என்ன குடித்துவிட்டுப் போனார் என்று கேட்டுப் பாருங்கள்.

மறுபுறம், முகாம்களில் விரலில் குத்திப் பார்த்து “எனக்கு ஒண்டும் இல்லையாம்” என்று சந்தோஷமாக வருகிறவர்கள். சாப்பிட்ட பிறகு எந்த நேரத்திலோ குத்திய இலக்கம் எதையும் முடிவாகச் சொல்லாது. வெறும் வயிற்றில் சரியாக இருந்து, சாப்பிட்ட பிறகு மட்டும் ஏறுகிறவர்கள் எங்கள் சனத்தில் நிறையப் பேர். அவர்களைப் பிடிப்பது 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடித்து இரண்டு மணித்தியாலம் கழித்து இரத்தம் எடுக்கிற சோதனைதான். 140 க்குக் கீழே சரி, 140 இல் இருந்து 199 வரை போடர், 200 இல் இருந்து சலரோகம். மூன்று மாதச் சராசரி காட்டுகிற எச்.பி.ஏ.1.சி சோதனையில் 5.7 முதல் 6.4 வரை போடர், 6.5 இல் இருந்து சலரோகம். ஆனால் இரத்தச்சோகை உள்ளவருக்கு அது பிழையாகக் காட்டலாம், அதை வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

பெண்களைப் பற்றி ஒரு சொல். பிள்ளை வயிற்றில் இருக்கும்போது சீனி ஏறி, பிள்ளை பிறந்ததும் இறங்கிவிட்டது என்று விட்டுவிடுகிற தாய்மாருக்குப் பின்னாளில் சலரோகம் வரும் சாத்தியம் மற்றவர்களை விடப் பல மடங்கு. பிள்ளைக்கு ஊசி போடக் கொண்டுபோகிற தாய் தன் இரத்தத்தைத் திரும்பப் பார்ப்பதில்லை. பிறந்து ஆறு கிழமைக்குப் பிறகு குளுக்கோஸ் சோதனை, பிறகும் இடைவிடாமல் சோதனை. உங்கள் ஊர் மிட்வைஃபிடம் கேட்டால் வழி சொல்லுவா.

சாப்பாட்டில் நான் ஒன்றைத்தான் அழுத்திச் சொல்லுவேன், அது புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டி. இராச்சாப்பாட்டுக்கு ஒரு ஆளுக்கு ஒரு நீத்துப்பெட்டிப் புட்டு, அதுவும் கோதம்பை மா, கறி என்று கிழங்கு. கிழங்கும் மாச்சத்து, புட்டும் மாச்சத்து. குரக்கன் மாவில் அவித்தால் எவ்வளவும் சாப்பிடலாம் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். குரக்கன் நல்லது, நார் கூட, ஆனால் அளவு அதே அளவு என்றால் சீனி ஏறத்தான் செய்யும். நீத்துப்பெட்டியைப் பாதியாக்கி, அந்த இடத்தில் முருங்கை இலை வறை, பயற்றங்காய், மீன் அல்லது கடலை வைத்தால் அப்பாவுக்குப் பசிக்காது. காலையில் பாணும் சம்பலும் என்ற பழக்கத்தையும் கிழமையில் சில நாளாவது விட வேண்டும். தேத்தண்ணிக்குச் சீனியை ஒரே நாளில் நிறுத்தச் சொல்லாதீர்கள், கோபம்தான் வரும். இரண்டு கரண்டியை ஒன்றாக்கி, ஒரு மாதம் கழித்து அரையாக்கி, நாக்குப் பழகும். சோடா மட்டும் அறவே வேண்டாம். 2016 இல் இருந்து போத்தலில் சீனி அளவுக்கு நிறப்புள்ளி போட்டுத்தான் விற்க வேண்டும் என்று சட்டம் வந்தது, சிவப்புப் புள்ளி உள்ளதை வீட்டுக்கு வாங்காமல் விடுவது உங்கள் கையில் இருக்கிறது.

இனி அப்பாவுக்கு. ஒரு தடவை எடுத்த இலக்கத்தை வைத்து எதுவும் முடிவு செய்யக்கூடாது. இரண்டு கிழமைக்குள் இன்னொருமுறை வெறும் வயிற்றில் எடுங்கள், முடிந்தால் குளுக்கோஸ் சோதனையும். அரசாங்க வைத்தியசாலைகளிலும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளிலும் 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இலவசமாகப் பார்க்கிற ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்கள் இருக்கின்றன. அங்கே பிரஷரும் கொழுப்பும் சேர்த்துப் பார்ப்பார்கள், பார்க்கச் சொல்லுங்கள், ஏனென்றால் போடரில் நிற்கிறவருக்கு இதய வருத்தம் வரும் ஆபத்தும் கூட. பீடியோ சுருட்டோ பிடிப்பாரென்றால் அதுவும் இப்போதே நிற்க வேண்டும். மெற்போமின் தொடங்குவதா வேண்டாமா என்பதை வைத்தியர் முடிவு செய்யட்டும், 48 வயது மெலிந்தவருக்கு நடையும் சாப்பாடும்தான் முதல் மருந்து. வயலுக்கு மோட்டார் சைக்கிளில் போகிறவர் என்றால், வாய்க்கால் ஓரம் வண்டியை விட்டுவிட்டு மிச்சத் தூரத்தை வேகமாக நடக்கட்டும். போகவும் வரவும் சேர்த்து அரை மணித்தியாலம் வந்தால் போதும். மூன்று மாதம் கழித்துத் திரும்ப இரத்தம், பிறகு ஒழுங்காக வருடத்துக்கு ஒருமுறை. இடையில் தாகம் கூடினாலோ இரவில் அடிக்கடி சலம் போக எழும்பினாலோ எடை இறங்கினாலோ வருடம் பார்த்திருக்க வேண்டாம், அன்றே கொண்டுபோங்கள்.

அந்த 112 எழுதின துண்டை எறிந்துவிடாதீர்கள். நாற்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்கி, முதல் பக்கத்தில் அதை ஒட்டி, பக்கத்தில் திகதி போடுங்கள். அடுத்ததாக எப்போது இரத்தம் எடுக்க வேண்டும் என்பதையும் அதற்குக் கீழே நீங்களே எழுதிவிடுங்கள். பிறகு இரண்டாவது இலக்கம் வந்ததும் இங்கே சொல்லுங்கள், அதைப் பார்த்து மேலே கதைப்போம்.